தோழிகளோடு தைக்கும் துண்டுத்துணிப் போர்வை

பழைய பருத்தித் துணிகளை முதலில் துவைத்து இஸ்திரி போடுங்கள். துவைக்காத துணி பின்னால் சுருங்கித் தையலை இழுக்கும். குழந்தைக்கான சிறு போர்வைக்கு 5 அங்குலச் சதுரங்கள் 36 போதும், வரிசைக்கு ஆறு. ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே விட்டுச் சதுரங்களைச் சேர்த்துத் தையுங்கள். அந்தக் கால் அங்குலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு நூல் பிசகினாலும் ஆறாவது சதுரத்தில் மூலைகள் சேராது.

தைக்கும் முன் சதுரங்களைத் தரையில் பரப்பி நிறம் பார்க்க வேண்டும். இதற்குத் தோழிகளைக் கட்டாயம் கூப்பிடுங்கள். போன முறை நான் ஒதுக்கிய மங்கிய பழுப்புத் துண்டை ஒருத்தி எடுத்து இரண்டு சிவப்புக்கு நடுவே வைத்தாள். அது அவள் அப்பாவின் சட்டை. சிவப்பு இரண்டும் அப்போதுதான் பளிச்சென்று எழுந்தன!

அடித்துணி, பஞ்சு விரிப்பு, சதுரங்கள் சேர்த்துத் தைத்த மேல்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் அடுக்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கிச் சிறு ஓட்டுத்தையல் போடுங்கள். நூல் முடிச்சை லேசாகச் சுண்டினால் ‘டப்’பென்று பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் பேச்சு ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கும்.