மின்சாரம் திரும்பும் அந்த 2 நிமிடங்கள்: அணுகல் மேலாண்மைச் சேவையகத்துக்கு நினைவகமும் சேமிப்பகமும் திட்டமிடும் முறை

யார் உள்நுழையலாம் என்று சரிபார்க்கும் அணுகல் மேலாண்மைச் சேவையகத்தை முதன்முறையாக நிறுவப் போகிறவர்கள் பெரும்பாலும், “எங்களிடம் 6,000 ஊழியர்கள் இருக்கிறார்கள், எத்தனை ஜிபி வேண்டும்?” என்றே கேட்கிறார்கள். கல்யாண வீட்டுச் சமையற்காரர் மொத்த விருந்தினர் கணக்கோடு நிற்பதில்லை. ஒரு பந்திக்கு எத்தனை இலை போட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்வார். இங்கும் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்விதான். தென்னாப்பிரிக்காவில் வேலை செய்யும் நமக்கு, அந்தப் பந்தியின் அளவை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்நுழைவார்கள் என்பதை, லோட் ஷெடிங் எனப்படும் வட்டார முறை மின்வெட்டு தீர்மானிக்கிறது.

இவ்விளக்கத்துக்குக் கீக்ளோக் (Keycloak) என்னும் அணுகல் மேலாண்மை மென்பொருளின் 26ஆம் பதிப்பையும் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்தையும் எடுத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு, டர்பன் பகுதியில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் முதலிய இடங்களில் கிளைகள் கொண்ட ஒரு சில்லறை வணிக நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஊழியர்கள் 6,000 பேர். சேவையகங்கள் தடையற்ற மின்சாரமுள்ள ஒரு தரவு மையத்தில் இருக்கின்றன.

படி 1: உச்ச நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

சாதாரணக் காலையில் 6,000 பேரும் அரை மணி நேரத்துக்குள் உள்நுழைந்தால், நொடிக்கு மூன்று அல்லது நான்கு உள்நுழைவுகள்தான் வரும். ஆனால் ஒரே மின்வெட்டு வட்டாரத்தில் ஊழியர்களில் 40 விழுக்காட்டினர், அதாவது 2,400 பேர், இருக்கிறார்கள் என்றும், மின்சாரம் திரும்பிய 2 நிமிடங்களுக்குள் அவர்கள் அனைவரும் கணினியை இயக்கி உள்நுழைகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், நொடிக்கு 20 உள்நுழைவுகள் வந்து விழும். காலை நேரத்தைப்போல் ஆறு மடங்கு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் உள்நுழைந்திருக்கும் நிலையை அமர்வு என்பார்கள். கீக்ளோக்கில் செயலற்று இருக்கும் அமர்வு இயல்பாக (நாம் அமைப்பை மாற்றாதவரை) 30 நிமிடங்களில் காலாவதியாகிவிடும். நம் ஊர் மின்வெட்டோ வழக்கமாக 2 மணி நேரம் நீடிப்பது. ஆகவே மின்சாரம் திரும்பும்போது பழைய அமர்வு எதுவும் உயிரோடு இராது. ஒவ்வொருவரும் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்தே ஆக வேண்டும். சேவையகத்துக்கு மிக அதிகச் செலவு வைக்கும் வேலை இந்தக் கடவுச்சொல் சரிபார்ப்புதான். “அப்படியானால் அமர்வு நேரத்தை 3 மணி நேரமாக்கிவிடலாமே” என்று தோன்றலாம். பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் கல்லாக் கணினிகளில் அது பாதுகாப்புக் குறைவு என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலும் மின்சாரம் போய்க் கணினி அணைந்தால், அமர்வை அடையாளம் காட்ட உலாவி வைத்திருந்த சிறு கோப்பான அமர்வுக் குக்கியும் பெரும்பாலும் போய்விடும். உச்ச நேரத்தைத் தவிர்க்கப் பார்ப்பதைவிட அதைத் தாங்கும்படி திட்டமிடுவதே மேல். மின்வெட்டு கடுமையாக இருந்த 2023இன் நிலை இன்று இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஆண்டை மனத்தில் வைத்தே கணக்குப் போடுங்கள்.

படி 2: செயலி (CPU)

நொடிக்கு 15 கடவுச்சொல் உள்நுழைவுகளுக்கு ஒரு மெய்நிகர் செயலி, திடீர் நெரிசலுக்காக அதன்மேல் 150 விழுக்காடு கூடுதல் இடம் என்பது கீக்ளோக் ஆவணங்கள் தரும் அளவு. நமக்கு 20ஐ 15ஆல் வகுத்தால் 1.33, அதை 2.5ஆல் பெருக்கினால் 3.3, முழுமையாக்கினால் 4. இரண்டு செயலிகள் கொண்ட மூன்று சேவையகங்களை வைத்தால், ஒன்று விழுந்தாலும் 4 செயலிகள் மிஞ்சும்.

படி 3: நினைவகம்

அமர்வு ஒன்றுக்கு இத்தனை கிலோபைட் என்று வைத்து 6,000ஆல் பெருக்குவது பழைய பழக்கம். 26ஆம் பதிப்பிலிருந்து பயனர் அமர்வுகள் இயல்பாகவே தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு சேவையகமும் அவற்றில் 10,000 வரையே தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. இந்த 10,000 அமர்வுகளையும் சேர்த்து, ஒரு சேவையகத்தின் அடிப்படைத் தேவை 1,250 எம்பி. நம் 6,000 அமர்வுகள் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

ஆனால் கீக்ளோக் இயங்கும் கொள்கலனுக்கு (container) 1,250 எம்பியை மட்டும் உச்ச வரம்பாகக் கொடுத்துவிடாதீர்கள். வரம்பில் 70 விழுக்காட்டை மட்டுமே கீக்ளோக் ஜாவாவின் ஹீப் பகுதிக்கு, அதாவது நிரல் தன் தரவை வைக்கும் நினைவகத்துக்கு, ஒதுக்குகிறது; ஹீப்புக்கு வெளியே ஏறக்குறைய 300 எம்பி செலவாகிறது. எனவே 1,250இலிருந்து 300ஐக் கழித்து, மீதமுள்ள 950ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 1,360 எம்பி வரும். அது குறைந்தபட்சம். நான் 2 ஜிபி கொடுப்பேன். நினைவகத்தில் மிச்சம் பிடிக்கும் சில நூறு எம்பிக்காக நள்ளிரவில் எழுந்து உட்காருவது நல்ல வியாபாரமன்று.

கடவுச்சொல் சரிபார்ப்புக்கு 25ஆம் பதிப்பிலிருந்து ஆர்கான்2 (Argon2) என்னும் கணக்கீட்டு முறை இயல்பாக இருக்கிறது. ஒரு சரிபார்ப்புக்கு 7 எம்பி எடுக்கும். 2,400 பேருக்கு அதைப் பெருக்கிப் பார்த்து அஞ்ச வேண்டாம்: ஒரே நேரத்தில் நடக்கும் சரிபார்ப்புகள் செயலிகளின் எண்ணிக்கைக்குள் கட்டுப்படுத்தப்படுகின்றன. இரண்டு செயலிகள் என்றால் 14 எம்பிதான். மற்றவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது அந்த வரிசையைத்தான். இயல்பு நிலையில் அதற்கு வரம்பு கிடையாது; நெரிசல் நீடித்தால் காத்திருக்கும் கோரிக்கைகளே நினைவகத்தை நிரப்பத் தொடங்கும். வரிசையின் நீளத்துக்கு வரம்பு வைத்தால், அதற்கு மேல் வருபவர்களுக்கு 503 (சேவை இப்போது கிடைக்காது) என்ற பதில் உடனே போய்விடும். ஒரு நொடியில் சேவையகம் முடிக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை, பயனர் காத்திருக்கலாம் என்று நீங்கள் கருதும் நொடிகளால் பெருக்கி அந்த வரம்பை வையுங்கள். இந்த ஏற்பாட்டுக்குக் கீக்ளோக் ஆவணங்களில் உள்ள பெயரும் லோட் ஷெடிங்தான்! நம்மவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

படி 4: தரவுத்தள இணைப்புகள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. ஒவ்வொரு கீக்ளோக் சேவையகமும் இயல்பாக 100 தரவுத்தள இணைப்புகள் வரை திறக்கலாம். போஸ்ட்கிரெஸோ மொத்தமாகவே 100 இணைப்புகளைத்தான் இயல்பாக ஏற்கும். அவற்றிலும் மூன்றை நிர்வாகிக்கென ஒதுக்கிக்கொள்ளும். மூன்று சேவையகங்கள் இருந்தால் சோதனையில் எல்லாம் சரியாகத் தெரியும். நெரிசல் வந்த அன்று இணைப்பு மறுக்கப்படும். சேவையகத்துக்கு 30 என்று குறைத்தால் மொத்தம் 90. இந்த அளவுக்கு அது போதும். தரவுத்தளச் சேவையகத்துக்கு 4 ஜிபி நினைவகம் கொடுத்து, அதில் கால் பங்கை, அதாவது 1 ஜிபியை, பகிர்வு இடையகத்துக்கு (அடிக்கடி தேவைப்படும் தரவை வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி) ஒதுக்குங்கள். இயல்பாக அமைந்திருக்கும் 128 எம்பி மிகக் குறைவு.

படி 5: வட்டு

பயனர் விவரங்கள் இடத்தை அடைப்பதில்லை. ஒருவருக்கு 10 கிலோபைட் என்று தாராளமாகப் போட்டாலும் 6,000 பேருக்கு 60 எம்பிதான். வட்டை விழுங்குவது நிகழ்வுப் பதிவு. ஒருவர் நாளுக்கு மூன்று முறை உள்நுழைகிறார், ஒவ்வொரு முறையும் இரண்டு வரிகள் பதிவாகின்றன, தேடலை விரைவாக்கும் குறியீட்டு அட்டவணை உட்பட வரிக்கு 1 கிலோபைட் என்று கொண்டால், நாளுக்கு 36 எம்பி. 90 நாளுக்கு 3.2 ஜிபி. இதுவரை கவலையில்லை.

தணிக்கையாளர் கேட்டார் என்று டோக்கன் புதுப்பிப்பையும் பதிவில் சேர்த்துவிட்டால் கதை மாறும். உள்நுழைந்தவருக்குத் தரப்படும் மின்னணு அனுமதிச் சீட்டான அணுகல் டோக்கனின் இயல்பான ஆயுள் 5 நிமிடங்கள். ஒன்பது மணி நேர வேலையில் ஒருவருக்கு ஏறக்குறைய 100 புதுப்பிப்புகள், 6,000 பேருக்கு 6 லட்சம் வரிகள். நாளுக்கு 600 எம்பி, 90 நாளுக்கு 54 ஜிபி. கீக்ளோக் இந்த நிகழ்வை இயல்பாகச் சேமிக்காமல் விட்டிருப்பது காரணத்தோடுதான்.

பதிவுகளுக்குக் காலாவதி நாள் வைப்பது வட்டுக்காக மட்டுமன்று. அவற்றில் பயனரின் அடையாளமும் ஐபி முகவரியும் இருக்கின்றன; தேவைக்கு மேல் தனிநபர் தகவலை வைத்திருக்கக் கூடாது என்று இந்நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின் (POPIA) 14ஆம் பிரிவு சொல்கிறது. காலாவதியான வரிகள் அழிந்தாலும், போஸ்ட்கிரெஸ் அந்த இடத்தைப் பெரும்பாலும் இயங்குதளத்திடம் திருப்பித் தராமல் தன் அடுத்த வரிகளுக்கென வைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒருமுறை வீங்கிய அட்டவணை தானாக இளைக்காது.

வட்டின் வேகமும் முக்கியம். நொடிக்கு 100 உள்நுழைவு, வெளியேற்றம், புதுப்பிப்புக் கோரிக்கைகளுக்கு 1,400 எழுதும் செயல்கள் என்பது ஆவண அளவு. நம் 20 உள்நுழைவுகளுக்கு 280. சுழலும் பழைய வன்வட்டு ஒன்று நொடிக்கு 100 செயல்களைத் தாண்டவே திணறும். எனவே சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி (SSD) வட்டு கட்டாயம். தரவுத்தளத்துக்கு 40 ஜிபி, ஒவ்வொரு கீக்ளோக் சேவையகத்துக்கும் இயங்குதளத்தோடு சேர்த்து 20 ஜிபி போதும். காப்புப்பிரதியை அதே வட்டில் வைக்காதீர்கள். வட்டு நிரம்பினால் தரவுத்தளம் நின்றுவிடும், அதோடு எல்லாக் கிளைகளின் கதவும் மூடிக்கொள்ளும்.

படி 6: சோதனை

கீக்ளோக் திட்டத்தார் தரும் சுமைச் சோதனைக் கருவியைக் கொண்டு நொடிக்கு 20 உள்நுழைவுகளை 5 நிமிடங்கள் தொடர்ந்து அனுப்புங்கள். பாதியில் ஒரு சேவையகத்தை வேண்டுமென்றே நிறுத்துங்கள். அப்போது பதிலளிக்கும் நேரம், ஹீப்பின் உயரம், திறந்துள்ள இணைப்புகள், வட்டின் எழுதும் வேகம் ஆகிய நான்கையும் குறித்துவையுங்கள். புதிய கிளை ஒன்று திறக்கும்போது ஊழியர் எண்ணிக்கையோடு அது எந்த மின்வெட்டு வட்டாரத்தில் வருகிறது என்பதையும் கேட்டு, முதல் படியின் 40 விழுக்காட்டைத் திருத்தி எழுதுங்கள்.