தொண்டுக்கு எடுத்த படமும் அதன்மேல் வரும் பிணக்கும்

தொண்டு நிறுவனத்துக்குக் காசு வாங்காமல் படம் எடுத்துக் கொடுப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தப் படத்தைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யப்போவது யார்? பெரும்பாலும் பதில் வராது. நல்ல காரியம்தானே, இதில் பேச என்ன இருக்கிறது என்று இரு தரப்பும் விட்டுவிடுகின்றன. பிறகு ஒருநாள், நீங்கள் பார்த்துப் பார்த்து மெருகேற்றிய கறுப்பு வெள்ளைப் படம் முகத்தின் குறுக்கே மஞ்சள் எழுத்தோடு பேனராகத் தொங்கும். உங்களுக்கு வயிறு எரியும். இவர் எதற்குக் கோபப்படுகிறார் என்று அவர்களுக்குப் புரியாது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். படத்துக்கு இது பொருந்தாது. நிறுவனம் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும். அந்தப் படம் அவர்கள் பெயரில்தான் வெளியே போகிறது. அதே சமயம், சும்மா வந்தது என்பதற்காக அதை எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம் என்பதும் இல்லை. எனவே கேமராவைத் தொடுவதற்கு முன்பே ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம் எங்கெல்லாம் வரும் (இணையதளம், ஆண்டறிக்கை, பேனர், விளம்பரம்), எத்தனை ஆண்டுகளுக்கு, வெட்டவும் நிறம் மாற்றவும் மேலே எழுத்துப் போடவும் அனுமதி உண்டா, பத்திரிகைக்கோ வேறு அமைப்புக்கோ தரலாமா, உங்கள் பெயர் எப்படி வரும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர்கள் தரப்பில் கடைசி வார்த்தை சொல்லப்போகும் ஒரே ஒருவரின் பெயர். குழுவாகப் பார்த்துச் சொல்கிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள், கடைசியில் யாருக்கும் பிடிக்காத படம்தான் மிஞ்சும்.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். காசு வாங்காமல் எடுத்த படத்தின் பதிப்புரிமை, நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை, பொதுவாக உங்களிடமே இருக்கிறது. பிரதியைத் தருவது உரிமையைத் தருவதாகாது. பதிப்புரிமைக்காகப் பல நாடுகள் சேர்ந்து 1886இல் உருவாக்கிய பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் சேர்ந்த ஒரு பிரிவு, படைத்தவரின் நற்பெயருக்கு ஊறு வரும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் தருகிறது. சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுப்பதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அதில் ஒருமுறை கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. மனிதர்கள் இருக்கும் படத்துக்கு அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆனால் சட்டத்தை எடுத்துக் காட்டும் நிலைக்கு வந்துவிட்டால் உறவு முறிந்துவிட்டது என்றுதான் பொருள். அதற்கு வெகு முன்பே செய்யவேண்டியது ஒன்று உண்டு. சண்டை எதைப் பற்றியது என்று பிரித்துப் பாருங்கள். ரசனையைப் பற்றியதா, பயன்பாட்டைப் பற்றியதா, படத்தில் இருப்பவரைப் பற்றியதா? மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

ரசனை என்றால் விட்டுக்கொடுங்கள். வண்ணமா கறுப்பு வெள்ளையா, இன்னும் கொஞ்சம் வெளிச்சமா என்பதற்கெல்லாம் மல்லுக்கு நிற்பது வீண். உங்களுக்குப் பிடித்த வடிவம் உங்கள் தொகுப்பில் இருக்கட்டும்; அவர்கள் கேட்டதை அவர்களுக்குக் கொடுங்கள். வெட்டுகிற வேலையை மட்டும் அவர்கள் கையில் விடாதீர்கள். சதுரமாக ஒன்று, நெடுக்கில் ஒன்று, அகலத்தில் ஒன்று என நீங்களே வெட்டி அனுப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள், எழுத்து வருவதற்கு ஒரு பக்கம் வெறுமையாக இருக்கட்டும். ஏ4 தாள் முழுக்க 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போன சின்னப் பிரதியை எடுத்து அச்சிட்டு, படம் மங்கல் என்று உங்களையே குறை சொல்லாமல் இருக்க, முழு அளவுக் கோப்பைத் தனியாகக் கொடுங்கள்.

பயன்பாட்டைப் பற்றியது என்றால் கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தைப் பார்ப்பவர் யார், பார்த்துவிட்டு என்ன செய்யவேண்டும்? தையல் பயிற்சி நடத்தும் ஓர் அமைப்புக்கு நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு பெண் ஊசியில் நூல் கோக்கும் படம். நூல் நுனியை உதட்டில் நனைத்து இரு விரலால் கூராக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பிடித்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சம் ஊசிக் காதில் மட்டும் விழுகிறது. அவர்கள் கேட்டதோ, எல்லாரும் வரிசையாக நின்ற சப்பையான குழுப்படம். ஏன் என்று கேட்டேன். "பயிற்சி முடிகிற நாளில் எல்லாருக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறோம். வீட்டுக்கு எடுத்துப்போய் அவரவர் முகத்தைத்தான் முதலில் தேடுவார்கள்" என்றார் ஒருங்கிணைப்பாளர். அதற்குமேல் நான் வாதாடவில்லை. வரிசையின் கடைசியில் பாதி நிழலில் நின்ற அம்மாவின் முகத்தைத் தெளிவாக்கிக் கொடுப்பதுதான் அப்போது என் வேலை. காரணத்தைக் கேட்காமல் இருந்திருந்தால், ரசனை தெரியாதவர்கள் என்று எழுந்து போயிருப்பேன்.

மூன்றாவது வகையில் மட்டும் நகராதீர்கள். மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றில் ஒரு சிறுமியை எடுத்தேன். மடியில் புத்தகம், பக்கத்தில் அக்கா, நல்ல சிரிப்பு. இடையில் கண்ணில் தூசி விழுந்து புறங்கையால் கசக்கினாள். அதுவும் ஒரு படமாக விழுந்தது. அக்காவை வெட்டிவிட்டு அந்த ஒரு முகத்தைப் பெரிதாக்கி, உதவிக்கு ஏங்கும் குழந்தை என்று நன்கொடை வேண்டுகோளில் போட நினைத்தார்கள். நான் இப்படி எழுதினேன்: "இந்தக் குழந்தை அழவில்லை, கண்ணில் தூசி விழுந்தது. அழுகிறாள் என்று நாம் சொன்னால் அது பொய். இந்தப் படத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நேராகக் கேமராவைப் பார்க்கும் படங்கள் சில இத்துடன் இருக்கின்றன. வேறு மாதிரி வேண்டுமென்றால் மறுபடி வந்து எடுத்துத் தருகிறேன்." அவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வேறு படம்தான் போனது. கடிதத்தில் மறுப்பு ஒரே ஒரு படத்துக்கு, காரணம் ஒரே ஒன்று, மாற்று கையோடு. இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் இறங்கி வரும். வாதத்துக்குத் துணை வேண்டுமானால், ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கான்கார்ட் 2006இல் வெளியிட்ட நடத்தை நெறியை அனுப்புங்கள். படத்தில் இருப்பவரின் கண்ணியமும் அனுமதியும் அதில் அடிப்படை.

இந்த விஷயத்தில் படம் எடுப்பவரே எப்போதும் நியாயத்தின் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1936இல் டோரதியா லாங்கே அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்றுக்காக எடுத்த, இன்று உலகமே அறிந்த புலம்பெயர்ந்த தாயின் படத்தில், ஓரத்தில் தெரிந்த ஒரு கட்டைவிரல் அழகைக் கெடுப்பதாகச் சொல்லிப் பின்னால் அதை மறைக்கச் செய்தார். அந்த அலுவலகத்தின் புகைப்படப் பிரிவுத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தின் நம்பகத்தன்மை போகிறது என்பது அவர் கட்சி. என் ஓட்டு ஸ்ட்ரைக்கருக்குத்தான். அதுமட்டுமல்ல, லாங்கே அந்தத் தாயின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் வெளியே தெரிந்தது 1978இல். தன்னை அவர் படம் எடுத்திருக்கவே வேண்டாம் என்று தாம்ப்சன் அப்போது வருந்திச் சொன்னார். அதற்கு வெகு முன்பே, 1908 முதல் அமெரிக்காவில் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கான தேசியக் குழுவுக்குப் படம் எடுத்த லூயிஸ் ஹைன், சிறுவர்களின் பெயர், வயது, வேலை எல்லாவற்றையும் குறித்து வைத்தார். தன் உடைப் பொத்தானை அடையாளமாக வைத்து அவர்கள் உயரத்தைக்கூட அளந்தார். படவிளக்கத்தை நீங்களே எழுதிப் படக் கோப்புக்குள்ளேயே சேர்த்து அனுப்புங்கள். உண்மை விவரம் எழுத்தில் இருக்கும்போது அதன்மேல் கதை கட்டுவது எளிதல்ல.

பேச்சுவார்த்தையை வாட்ஸ்அப் குழுவில் நடத்தாதீர்கள். பத்துப் பேர் பார்க்கையில் யாரும் இறங்கி வரமாட்டார்கள். உரியவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி, பேசியதை அன்றே மின்னஞ்சலில் இரண்டு வரியாக எழுதிவிடுங்கள். கோபமாக எழுதியதை மறுநாள் காலை படித்துவிட்டு அனுப்புங்கள்.

எவ்வளவு பேசியும் ஒத்துவரவில்லை என்றால், அந்த ஒரு படத்தை மட்டும் திரும்பப் பெறுங்கள், மற்றவை அவர்களிடம் இருக்கட்டும். ரசனையில்தான் தகராறு என்றால், உங்கள் பெயர் போடாமல் பயன்படுத்தச் சொல்வதும் கௌரவமான வழி. அச்சாகிவிட்டதை விட்டுவிடுங்கள், அடுத்த பதிப்பில் மாற்றச் சொல்லுங்கள். ஆனால் படத்தில் இருப்பவருக்கு ஆபத்து என்றால் அந்தப் பொறுமை கூடாது. அடைக்கலம் தேடி வந்தவர்கள் தங்கும் இல்லத்தில் எடுத்த படக் கோப்பில் ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம்; கொடுப்பதற்கு முன்பே அதை நீக்கிவிடுங்கள். தன் படத்தை எடுத்துவிடும்படி அதில் இருப்பவரே கேட்டால் உங்கள் விருப்பமும் நிறுவனத்தின் விருப்பமும் கணக்கில் வராது. அன்றே இணையத்திலிருந்து நீக்கச் செய்து, நீக்கியாயிற்று என்று அவருக்குத் தெரிவியுங்கள்.