கொலாச் சுடலாம் வாங்க: மாவு கையில் ஒட்டினால் பயப்படாதீர்கள்

கொலாச் மாவு கையில் ஒட்டும். ஒட்டத்தான் வேண்டும். முதல்முறை செய்கிற பலரும் இந்த இடத்தில்தான் பதறிப்போய் இன்னும் இரண்டு கை மைதாவை அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். மாவு அழகாகத் திரண்டு வரும். ஆனால் சுட்டு எடுத்த மறுநாள் கொலாச் காய்ந்த பன் மாதிரி இறுகிக் கிடக்கும். நானும் அப்படி இரண்டு ட்ரே வீணாக்கியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் செக் நாட்டின் பிர்னோ நகரில் குடியிருந்தோம். எதிர்வீட்டு மூதாட்டி ஒருநாள் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைதா டப்பாவை நோக்கிக் கையை நீட்டியதும், அதை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, “நெஹ் ஹோ பீட்” என்றார். அதை அதன்போக்கில் விடு என்று அர்த்தம். கொலாச்சைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்த மூன்று சொல்தான்.

செய்முறைக்குப் போவதற்கு முன், கொலாச் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செக் மொழியில் ‘கொலோ’ என்றால் சக்கரம். வட்டமான, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த இனிப்பு மாவின் நடுவில் குழி செய்து, அதில் பூரணம் வைத்துச் சுடுவது கொலாச். ஒன்றுக்கு மேல் இருந்தால் கொலாச்சே. பூரணத்தில் மூன்று வகைதான் முக்கியம்: கசகசா, ‘த்வரொஹ்’ என்ற பாலாடைக்கட்டி, ‘பொவிட்லா’ என்ற பிளம் பழ விழுது. ஊர்க் கோயில் திருவிழாவான ‘பொஸ்வீட்செனீ’ வந்தால் வீட்டுக்கு வீடு கொலாச் மணக்கும். கல்யாணம் என்றால் ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் அளவில் குட்டிக் குட்டியாகச் சுட்டு, கல்யாணத்துக்கு முன்பே உறவினர், அக்கம்பக்கத்தார், உடன் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள்.

வட்டாரத்துக்கு வட்டாரம் உருவமும் மாறும். டொமாஜ்லிட்செ நகரைச் சுற்றியுள்ள ஹொட்ஸ்கோ பகுதியில் பெரிய கொலாச்சின் மேல் வெள்ளை, கறுப்பு, ஊதா பூரணங்களாலேயே கோலம் போட்டதுபோல் அலங்கரிப்பார்கள். மொராவியாவின் கிழக்குக் கோடியில் உள்ள வலாஷ்ஸ்கோவில் ‘ஃப்ர்காள்’ என்று ஒன்று. சுமார் 30 சென்டிமீட்டர் அகலம், மெல்லிய மாவு, மேலே பேரிக்காய்ப் பூரணம். அதற்கு 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. இதையெல்லாம் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்று உள்ளங்கை அளவில் 16 கொலாச்சே: எட்டில் கசகசா, எட்டில் த்வரொஹ்.

முதலில் பூரணம்

மாவைப் பிசைந்துவிட்டுப் பூரணத்துக்கு அலையாதீர்கள். பூரணம் நன்றாக ஆறியிருக்க வேண்டும்; சூடாக வைத்தால் அடியில் உள்ள மாவு கூழாகிவிடும்.

கசகசாப் பூரணம்: கசகசா 100 கிராம், பால் 125 மில்லி, சர்க்கரை 50 கிராம், தேன் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைத் தோல் துருவல் கொஞ்சம், பட்டைத் தூள் ஒரு சிட்டிகை.

நம் வீடுகளில் குருமாவுக்குக் கசகசாவை ஊறவைத்து அரைப்போம். இதற்கு அப்படிச் செய்யக் கூடாது. உலர அரைக்க வேண்டும். செக் வீடுகளில் இதற்கென்றே கைப்பிடி வைத்த சின்ன அரைவை இயந்திரம் இருக்கும். நமக்கு மிக்ஸியின் சின்ன ஜார் போதும். விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து பிசுபிசுத்துப் போகும். அரைத்த கசகசா சீக்கிரம் கசந்துவிடும் என்பதால் செய்கிற அன்றே அரைத்துக்கொள்ளுங்கள். பாலும் சர்க்கரையும் கொதித்ததும் கசகசாவைக் கொட்டி, சின்னத் தீயில் ஐந்து நிமிடம் கிளறுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்கிற பதம் வந்ததும் இறக்கி, தேன், துருவல், பட்டைத் தூள் சேருங்கள்.

அங்கே பயன்படுத்துவது நீலம் கலந்த கருங்கசகசா. செக் நாடு அதை நிறைய விளைவித்து ஏற்றுமதியும் செய்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளைக் கசகசாவிலும் செய்யலாம். ருசி சற்று மென்மையாக இருக்கும், நிறம் மட்டும் வராது. சிங்கப்பூரிலோ ஐக்கிய அரபு அமீரகத்திலோ இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் கசகசா வேண்டவே வேண்டாம், அங்கே அதற்குத் தடை இருக்கிறது. ஊரிலிருந்து பெட்டியில் எடுத்துப் போகவும் கூடாது. பதினாறிலும் த்வரொஹ் வைத்துவிடுங்கள், அல்லது பிளம் வையுங்கள். விதை நீக்கிய உலர்ந்த பிளம் 200 கிராமை அரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு மசித்தால் பொவிட்லாவுக்கு நெருங்கி வரும். அசல் பொவிட்லா, சர்க்கரையே போடாமல் பிளம் பழங்களை மணிக்கணக்கில் கிளறிச் சுண்டவைப்பது. பாட்டில் ஜாமை மட்டும் வைக்காதீர்கள். ஓவன் சூட்டில் இளகி ஓடிவிடும்.

த்வரொஹ் பூரணம்: த்வரொஹ் 250 கிராம், சர்க்கரை 50 கிராம், முட்டை மஞ்சள் கரு ஒன்று, வெனிலா, எலுமிச்சைத் துருவல், விருப்பப்பட்டால் உலர்திராட்சை ஒரு கைப்பிடி.

த்வரொஹ் கிடைக்காத இடத்தில், வீட்டில் செய்த பனீர் 150 கிராமும், துணியில் கட்டி இரவு முழுக்க ஃபிரிஜ்ஜுக்குள் நீர் வடித்த புளிக்காத தயிர் 100 கிராமும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றுங்கள். தயிர் மட்டும் என்றால் தளரும், பனீர் மட்டும் என்றால் வறளும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த லேசான புளிப்பும் திண்மையும் வரும். கலந்த பிறகும் நீர்த்திருந்தால் ஒரு மேசைக்கரண்டி ரவை போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள்.

மேலே தூவ ‘ட்ரொபென்கா’ வேண்டும். மைதா 100, சர்க்கரை 50, குளிர்ந்த வெண்ணெய் 50 கிராம். புட்டுக்கு மாவு பிசிறுவோமே, அதேபோல் விரல் நுனிகளால் பிசிறுங்கள். உதிரி உதிரியாக வந்ததும் நிறுத்தி, ஃபிரிஜ்ஜில் வையுங்கள்.

இனி மாவு

மைதா 500 கிராம், பால் 250 மில்லி, சர்க்கரை 80 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம் (உருக்கி, வெதுவெதுப்பாக ஆறவைத்தது), முட்டை மஞ்சள் கரு இரண்டு, உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் தோல் துருவல்.

தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் வீட்டு டம்ளரும் ஒவ்வோர் அளவு.

செக் கடைகளில் கோதுமை மாவை நைசு, நடுத்தரம், கொரகொரப்பு என்று மூன்று பதத்தில் தனித்தனியாக விற்பார்கள். இதற்கு நடுத்தரம்தான் உகந்தது. மைதாவில் 50 கிராமைக் குறைத்து, அந்த இடத்தில் சன்ன ரவை சேர்த்தால் கிட்டத்தட்ட அந்தப் பதம் வரும். இல்லாவிட்டாலும் குற்றமில்லை.

பாலை வெதுவெதுப்பாக்குங்கள். விரலை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. அதில் பாதியை எடுத்து, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி மைதா, ஈஸ்ட் மூன்றையும் கலந்து மூடி வையுங்கள். இதை ‘க்வாசெக்’ என்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மேலே நுரை திரண்டு வர வேண்டும். நுரை வராவிட்டால் ஈஸ்ட் பழசு, அல்லது பால் கொதித்து அதைக் கொன்றுவிட்டது. அதற்கு மேல் போகாதீர்கள். வேறு ஈஸ்ட் எடுத்து மறுபடி தொடங்குங்கள். வெண்ணெயும் முட்டையும் அப்படியே மிஞ்சும்.

பெரிய பாத்திரத்தில் மைதா, மீதிச் சர்க்கரை, உப்பு, துருவல் கலந்து, நடுவில் குழி செய்து நுரைத்த ஈஸ்ட், மீதிப் பால், மஞ்சள் கரு ஊற்றிக் கிளறுங்கள். மாவு ஒன்று சேர்ந்த பிறகு வெண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். இப்போது மாவு சேறுபோல் வழுக்கி, பாத்திரத்தில் ஒட்டி, விரல் இடுக்கெல்லாம் ஏறிக்கொள்ளும். இந்த நிமிடத்தில்தான் மைதா டப்பா கண்ணில் படும். தொடாதீர்கள்.

கையை விட்டுவிட்டு மரக்கரண்டி எடுங்கள். அந்த மூதாட்டி அப்படித்தான் செய்தார்: பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மாவை அடியிலிருந்து தூக்கித் தூக்கி மடித்து அடித்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. எட்டாவது நிமிடம்போல மாவு பளபளக்கத் தொடங்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பாத்திரத்தின் சுவரை விட்டுத் தானாகவே விலகி, கரண்டியோடு சுற்றும். மைதாவில் உள்ள புரதம் நீரோடு சேர்ந்து இழையிழையாகப் பின்னிக்கொள்வதால் வருகிற மாற்றம் அது. மாவு கூட்டியதால் வருவதில்லை. தொட்டால் இன்னமும் லேசாக ஒட்டும், ஆனால் கையோடு வராது. அதுதான் பதம்.

ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு மடங்காகும்வரை விடுங்கள். ஐரோப்பியக் குளிரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். சித்திரை வெயிலில் நாற்பது நிமிடத்திலேயே பொங்கிவிடும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

குழி, பூரணம், ஓவன்

பலகையில் மிக லேசாக மைதா தூவி, மாவை 60 கிராம் வீதம் 16 உருண்டைகளாக்குங்கள். பட்டர் பேப்பர் விரித்த ட்ரேயில் இடைவெளி விட்டு அடுக்கி, மூடி, இருபது நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஓய்வெடுக்காத மாவில் குழி போட்டால் ரப்பர்போலச் சுருங்கி மூடிக்கொள்ளும்.

குழிக்கு, அடி தட்டையான சின்ன டம்ளர் ஒன்று எடுங்கள். அடியை மைதாவில் தொட்டு, ஒவ்வோர் உருண்டையின் நடுவிலும் நேராக, ட்ரே தட்டுப்படும்வரை அழுத்துங்கள். சுற்றிலும் விரல் அகலத்துக்கு விளிம்பு நின்றால் போதும். குழியின் அடியை முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்திவிடுங்கள். குத்தாவிட்டால் நடுப்பகுதி ஓவனில் எழும்பிப் பூரணத்தைக் கவிழ்த்துவிடும்.

விளிம்பில் அடித்த முட்டையைத் தடவி, குழியில் பூரணத்தைக் குவித்து வையுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். மாவு அதிகமும் பூரணம் குறைவுமான கொலாச்சை அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். மேலே ட்ரொபென்கா தூவி, பதினைந்து நிமிடம் விட்டு, முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரி செல்சியஸில், நடுத்தட்டில், 15 முதல் 20 நிமிடம். சின்ன ஓவன் என்றால் பன்னிரண்டாவது நிமிடமே எட்டிப் பாருங்கள். விளிம்பு பொன்னிறம், அடிப்பக்கம் அதைவிடச் சற்றே கூடுதல் நிறம்.

வெளியே எடுத்த உடனே, சூடு தணியும் முன், 30 கிராம் உருக்கிய வெண்ணெயை விளிம்பில் தடவுங்கள். அங்கே வெண்ணெயில் ஒரு கரண்டி ரம் கலப்பார்கள். வேண்டாதவர்கள் வெனிலா சில துளி விடலாம். இதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். விளிம்பு மறுநாளும் மெத்தென்று இருப்பது இந்த வெண்ணெயால்தான்.

முட்டை சேர்க்காதவர்கள், மாவில் மஞ்சள் கருவுக்குப் பதில் இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிரும், பூரணத்தில் ஒரு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரும், மேலே தடவப் பாலும் பயன்படுத்தலாம். நிறம் சற்று வெளிறும், மென்மை குறையாது.

இதே மாவு கொஞ்சம் மிஞ்சினால் ‘புக்டா’ செய்துவிடலாம். உருண்டையைத் தட்டி, பொவிட்லாவை உள்ளே வைத்துக் கொழுக்கட்டைபோல மூடி, பக்கங்களில் வெண்ணெய் தடவி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்படி ஆழமான தட்டில் அடுக்கிச் சுடுவது. செக் நாட்டுப் பாட்டிக் கதைகளில் ஹொன்சா என்ற பையன் உலகம் பார்க்கக் கிளம்பும்போது, அம்மா துணி மூட்டையில் கட்டிக் கொடுப்பது இந்த புக்டாவைத்தான். நம் கதைகளில் கட்டுச்சோறு மாதிரி.

ஆறிய கொலாச்சே காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் இருக்கும். த்வரொஹ் வைத்ததை அன்று மாலைக்குள் சாப்பிடாவிட்டால் ஃபிரிஜ்ஜுக்கு மாற்றி, சாப்பிடும் முன் ஓவனில் மூன்று நிமிடம் சூடாக்குங்கள். கசகசா வைத்தது மறுநாள் காலைக் காபியோடுதான் இன்னும் நன்றாக இருக்கும். அதற்குள் பூரணத்தின் ஈரம் மாவுக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும்.