பிளானை ஏற்றியும் 4கே ஓடவில்லையா? பலரும் செய்யும் தவறுகள்

ராத்திரி ஒன்பது மணிக்குப் படம் போட்டால் திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது. சுற்றாத நேரத்தில் நடிகர்களின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. நெட்காரருக்கு ஃபோன் போட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "சார், நீங்க 50 பிளான்ல இருக்கீங்க. 100க்கு மாத்திடலாம், சரியாயிடும்." மாற்றியும் விடுகிறோம். மாதத்துக்கு இருநூறு முந்நூறு கூடுதலாகப் போகிறது, வட்டம் மட்டும் நின்றபாடில்லை.

வீடியோ தரத்தைப் பொறுத்தவரை அதிகம் பேர் செய்கிற தவறு இதுதான். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட் டேட்டா வருகிறது என்ற வேக அளவு), யூடியூப் கேட்பது 20. ஃபுல் எச்டி என்றால் இரண்டுக்குமே 5 போதும். கணக்குப்படி 50 எம்பிபிஎஸ் உள்ள வீட்டில் இரண்டு டிவியில் 4கே ஓடினாலும் பிள்ளைகளின் ஃபோனுக்கு மிச்சம் இருக்க வேண்டும். அப்படியும் படம் திக்குகிறது என்றால் கோளாறு பிளானில் இல்லை, வழியில் எங்கோ இருக்கிறது. அது எந்த இடம் என்று பார்க்காமல் பிளானை ஏற்றுவது வீண் செலவு.

பில்லில் உள்ள எண் எதுவரைக்கும்?

100 எம்பிபிஎஸ் என்று விற்கிறார்களே, அது உங்கள் வீட்டிலிருந்து நிறுவனத்தின் நெட்வொர்க் வரைக்குமான கணக்கு. படம் இருக்கும் சர்வர் (படத்தைச் சேமித்து வைத்து அனுப்பும் கணினி) அதற்கும் அப்பால் இருக்கலாம். அந்த இரண்டாவது பாதி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ராத்திரி ஒன்பது மணிப் படம் ஓடுவதும் திக்குவதும்.

இதற்கு அமெரிக்காவில் நடந்த கதை நல்ல உதாரணம். நெட்ஃபிளிக்ஸ் 2012இல் ஓபன் கனெக்ட் என்று ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. படங்களின் பிரதியை ஒரு சர்வர் பெட்டியில் நிரப்பி, அந்தப் பெட்டியை இணைய நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு உள்ளேயே இலவசமாக வைத்துவிடுவது. ஆள் குறைவாகப் பார்க்கும் நேரத்தில் பெட்டி புதுப் படங்களை நிரப்பிக்கொள்ளும். கூட்ட நேரத்தில் படம் பக்கத்திலிருந்தே வரும், வெளி இணைப்பில் சுமை ஏறாது. 2013 ஜனவரியில் சூப்பர் எச்டி என்ற உயர்தர ஃபுல் எச்டி (1080பி) வந்தபோது, இந்த ஏற்பாட்டில் சேர்ந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் அது கிடைத்தது. எத்தனை எம்பிபிஎஸ் பிளான் வைத்திருந்தாலும், உங்கள் நிறுவனம் சேரவில்லை என்றால் கிடையாது. அந்த நிபந்தனை செப்டம்பரில்தான் நீங்கியது.

அதே காலத்தில் காம்காஸ்ட் என்ற பெரிய அமெரிக்க இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் படுத்துவிட்டது. வீட்டு இணைப்பின் வேகத்தில் குறையில்லை. இரண்டு நிறுவனங்களின் நெட்வொர்க்கும் சந்திக்கும் இடத்தில்தான் நெரிசல், அதை யார் செலவில் அகலப்படுத்துவது என்பதில்தான் சண்டை. 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் பணம் கொடுத்து நேரடி இணைப்புக்கு ஒப்பந்தம் போட்டது. வேகம் கிடுகிடுவென ஏறியது. வாடிக்கையாளர் யாரும் பிளானை மாற்றவில்லை.

கூகுளுக்கும் யூடியூபுக்காக இதே மாதிரி கேஷ் (cache, அதாவது பிரதியைப் பக்கத்திலேயே சேமித்து வைக்கும்) பெட்டிகள் உண்டு. நம் ஊர்த் தெருக்களில் ஃபைபர் இழுக்கும் சிறிய ஆபரேட்டர், மேலே இருக்கும் ஒரு பெரிய நிறுவனத்திடம் பேண்ட்வித் (மொத்த இணையக் கொள்ளளவு) வாங்கித்தான் நமக்குப் பிரித்துத் தருகிறார். அந்த மேல் நிறுவனத்திடம் கேஷ் இருக்கிறதா, ஆபரேட்டர் வாங்கியிருக்கும் பேண்ட்வித் ராத்திரிக் கூட்டத்தைத் தாங்குமா என்பதுதான் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. "எத்தனை எம்பிபிஎஸ் தருவீங்க?" என்று மட்டும் கேட்டால் அவர் எந்த எண்ணையும் சொல்லலாம், சொல்கிறார்கள்.

ஸ்பீட் டெஸ்டைக் காட்டிச் சண்டை போடுவது

ஃபோனில் ஸ்பீட் டெஸ்ட் போடுகிறோம், முள் 98இல் நிற்கிறது. "நெட் நல்லாத்தான் இருக்கு, டிவிதான் சரியில்லை" என்று முடிவுகட்டுகிறோம். நெட்காரரும் அதையே காட்டுவார். அந்த டெஸ்ட் எந்த சர்வரோடு நடந்தது என்று யாரும் கவனிப்பதில்லை. அது தானாகவே பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுக்கும். பல நேரம் அது உங்கள் நிறுவனமே தன் நெட்வொர்க்குக்குள் வைத்திருக்கும் சர்வர். வெளியே எவ்வளவு நெரிசல் இருந்தாலும் அங்கே முள் இறங்காது.

ஃபாஸ்ட்.காம் என்ற தளத்தையும் கூடவே போட்டுப் பாருங்கள். 2016இல் நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய தளம் அது. படம் வரும் அதே சர்வர்களிலிருந்து வேகத்தை அளக்கும். இரண்டையும் காலையில் ஒருமுறை, ராத்திரி ஒன்பதிலிருந்து பத்துக்குள் ஒருமுறை, மோடத்துக்குப் பக்கத்தில் நின்று போட வேண்டும். ஸ்பீட் டெஸ்டில் 98, ஃபாஸ்ட்.காமில் 9 என்று வந்தால் வெளி இணைப்பில் நெரிசல், அது முழுக்க நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டுமே குறைவு என்றால் உங்கள் லைனிலோ வைஃபையிலோ ஏதோ இருக்கிறது. இரண்டும் நன்றாக இருந்து டிவியில் மட்டும் திக்கினால் நெட்காரரைத் திட்டிப் பலனில்லை.

யூடியூபுக்குத் தனியாக ஒரு வழி உண்டு. வீடியோ ஓடும்போது செட்டிங்ஸில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறந்தால் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம் வரும். கனெக்‌ஷன் ஸ்பீட், பஃபர் ஹெல்த் என்று இரண்டு வரி. பஃபர் ஹெல்த் என்பது இன்னும் எத்தனை நொடிப் படம் கையிருப்பில் இருக்கிறது என்ற கணக்கு. அது 20, 30 நொடியில் நின்றால் கவலையில்லை. 5, 3, 1 என்று இறங்கி ஜீரோவைத் தொடும் நொடியில் வட்டம் சுற்றத் தொடங்கும். நெட்ஃபிளிக்ஸில் 'டெஸ்ட் பேட்டர்ன்ஸ்' என்று தேடினால் வரும் சோதனை வீடியோ, அப்போது என்ன ரெசல்யூஷனில் ஓடுகிறது என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டும். சண்டைக்குப் போகும் முன் இந்த எண்களை ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மோடம் இருக்கும் இடம்

ஃபைபர் வயர் எந்த ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வருகிறதோ அங்கேயே ஒரு ஆணி அடித்து மோடத்தை மாட்டிவிட்டு லைன்மேன் போய்விடுவார். வாசல் மூலை, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, சில வீடுகளில் டிவி ஷோகேஸுக்கு உள்ளே கண்ணாடிக் கதவைச் சாத்தி. படம் பார்ப்பதோ இரண்டு சுவர் தாண்டிப் படுக்கையறையில்.

வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அபார்ட்மென்டில் எல்லா வீட்டு மோடமும் அதிலேயே கூச்சல் போடுவதால் நெரிசல். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் காங்கிரீட் சுவர் அதற்கு ஆகாது. வைஃபை பெயரின் கடைசியில் 5ஜி என்று போட்டிருப்பது இந்த அலைவரிசையைத்தான். மொபைல் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "எங்க ஏரியால 5ஜி வரல, அதனால அதைத் தொடல" என்று சொல்பவர்கள் உண்டு. நடுவில் சுவர் அதிகம் இல்லையென்றால், டிவி அந்தப் பெயரில் இணைந்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முடிந்தால் டிவிக்கு லான் வயர் (மோடத்திலிருந்து நேராக வரும் நெட் வயர்) இழுத்துவிடுங்கள். அப்போது இன்னொரு புகார் கிளம்பும்: 300 பிளான், டிவியில் டெஸ்ட் போட்டால் 94தான் காட்டுகிறது என்று. பெரும்பாலான டிவிகளின் லான் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வரைக்கும்தான். 4கேவுக்கு 94 தாராளம், விட்டுவிடலாம்.

ஃபைபர் வயரை மற்ற வயர் மாதிரி மடக்கிக் கட்டுவதும் தவறு. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. ஜன்னல் கதவில் நசுங்கினாலோ சோபாவுக்குப் பின்னால் கூர்மையாக மடங்கினாலோ வெளிச்சம் கசிந்துவிடும். முழுதாக அறுந்தால் மோடத்தில் லாஸ் (LOS) என்ற லைட் சிவப்பாக மினுங்கும், யாருக்கும் தெரிந்துவிடும். அரைகுறையாக மடங்கினால்தான் தொல்லை: லைட் பச்சையாகவே இருக்கும், நெட் மட்டும் விட்டு விட்டு வரும். மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், மோடத்துக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. அது மைனஸ் 27ஐ நெருங்கினால் லைனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெட்டில் குறையே இல்லாதபோது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நெட்ஃபிளிக்ஸில் 4கே பிரீமியம் பிளானுக்கு மட்டும்தான். இணைய நிறுவனம் 'ஓடிடி இலவசம்' என்று சேர்த்துத் தருவது பல நேரம் பேசிக் பிளான், அதில் 4கே வரவே வராது. மொபைல் டேட்டாவை மிச்சம்பிடிக்க எப்போதோ கணக்கில் 'லோ' என்று வைத்த தர அமைப்பு டிவியிலும் அப்படியே தொடரும், அதை மாற்ற மறந்துவிடுவோம். படத்தைக் காப்பியடிக்காமல் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டில், ஃபோனுக்கு உயர்ந்த நிலையான எல்1 அனுமதி இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால் பெரும்பாலான ஓடிடிகள் எஸ்டி என்ற சாதாரணத் தரத்துக்கு மேல் காட்டாது. வெளிப் பெட்டி வைத்திருந்தால் அது, எச்டிஎம்ஐ போர்ட், டிவி எல்லாமே எச்டிசிபி 2.2 என்ற காப்பி தடுப்பு முறையை ஏற்க வேண்டும். பழைய டிவியில் நான்கு போர்ட்டில் ஒன்று மட்டும் அதை ஏற்கும், வயரை மாற்றிக் குத்திப் பார்க்க வேண்டியதுதான்.

டிஎன்எஸ், விபிஎன் வைத்தியம்

டிஎன்எஸ்ஸை மாற்றினால் வேகம் பறக்கும் என்று சொல்லும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. டிஎன்எஸ் என்பது தளத்தின் முகவரியைத் தேடித் தருவது மட்டும்தான். படம் ஓடத் தொடங்கிய பிறகு அதற்கு வேலை இல்லை. சில ஓடிடிகள், கேள்வி எந்த டிஎன்எஸ்ஸிலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் பக்கத்து சர்வரைக் காட்டும். அங்கே வெளி டிஎன்எஸ் போட்டால் தூரத்து சர்வருக்குப் போய் வேகம் குறையவும் கூடும்.

விபிஎன் (நம் இணைப்பை வேறொரு இடத்து சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) போட்டால் நிறுவனத்துக்கு உள்ளேயே இருக்கும் கேஷ் பெட்டியைத் தாண்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வர வேண்டும். ஆனால் ஒரு விஷயம்: விபிஎன் போட்டதும் படம் சீராக ஓடினால் அது நல்ல தடயம். உங்கள் நிறுவனத்தின் வழக்கமான பாதையில் அடைப்பு, வேறு பாதை காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அதையே புகாரில் எழுதலாம்.

வேண்டுமென்றே நெட்ஃபிளிக்ஸை மட்டும் மெதுவாக்குகிறார்கள் என்று சந்தேகப்படுவோரும் உண்டு. 2018இல் வந்த நெட் நியூட்ராலிட்டி விதிகளின்படி இந்தியாவில் அப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது. அதே நேரம் கேஷ் பெட்டி போன்ற ஏற்பாடுகளுக்கு விலக்கு உண்டு. அதனால் ஒரு ஓடிடி வழுக்கிக்கொண்டு ஓடுவதும் இன்னொன்று திக்குவதும் சட்டப்படியே நடக்கலாம். நேரலை கிரிக்கெட் இதில் தனி ரகம். நடந்துகொண்டிருக்கும் மேட்சை முன்கூட்டியே பெட்டியில் நிரப்பி வைக்க முடியாது. 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அன்று ராத்திரி திக்கியதை வைத்து நெட்டை மாற்ற முடிவெடுக்க வேண்டாம்.

அன்லிமிடெட்

அன்லிமிடெட் பிளான் என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரம்பு இருக்கும். பெரிய நிறுவனங்களில் மாதம் 3,300 ஜிபி என்பது வழக்கம், சிறிய ஆபரேட்டர்களிடம் அதைவிடக் குறைவு. அதைத் தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். நெட்ஃபிளிக்ஸே சொல்லும் கணக்குப்படி 4கே மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும். 3,300 ஜிபியைத் தீர்ப்பது கடினம். ஆனால் 500 ஜிபி வரம்பென்றால் தினம் இரண்டரை மணி நேரப் படத்திலேயே மாதக் கடைசி வருவதற்குள் தீர்ந்துவிடும். மாதத்தின் கடைசி வாரம் மட்டும் படம் மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

புகார் சொல்லும் விதம்

"நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பார்கள். அத்தோடு புகார் முடிந்தது. தேதி, நேரம், இரண்டு டெஸ்டின் எண்கள் (முடிந்தால் லான் வயரில் போட்டவை), காலை வேகம், ராத்திரி வேகம் என்று கொடுத்தால் எதிர்முனையில் இருப்பவர் அதை மேலே அனுப்பியே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் லைன்மேனிடம் சொன்னது புகார் ஆகாது. கால் சென்டரில் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்கள். அது தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அவரது விவரம் நிறுவனத்தின் தளத்திலேயே இருக்க வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், தனிநபர் புகார்களை அவர்கள் விசாரிப்பதில்லை. அதற்கு மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளம் இருக்கிறது.

அப்புறம், புது இணைப்பு எடுக்கும்போது ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள். கட்டாதீர்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த இரண்டு டெஸ்டையும் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைப் பேசுங்கள். அதற்கு முன், மாடி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அதே நெட் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.