சீமைக்கருவேலத்தை வெட்டினால் வெளிமான் பெருகுமா? பார்ப்பது எப்படி

கோடியக்கரையில், புல்வெளியில் மேயும் வெளிமானுக்காக 1967-ல் சரணாலயம் வந்தது. அங்கே புல்வெளியைச் சீமைக்கருவேலம் விழுங்குகிறது என்று வெட்டுகிறார்கள். சரி, பலன் இருக்கிறதா?

வெட்டிய பிறகு போய் எண்ணினால் போதாது. வனத்துறை அனுமதி வாங்கி, வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை எண்ணுங்கள், கூடவே வெட்டாத ஒரு பகுதியையும் அதே நாட்களில் எண்ணுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழை நன்றாகப் பெய்து புல் வளர்ந்ததற்கான பெருமையை அரிவாளுக்குக் கொடுத்துவிடுவோம். மான் கண்ணில் படவில்லையா, புழுக்கையைத் தேடுங்கள். ஆண் மான்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடும், குவியலாகக் கிடக்கும். மேலே ஈரமாக மினுங்கினால் புதுசு.

அப்புறம், வெட்டிய இடத்தில் மான் எண்ணிக்கை கூடி, பக்கத்தில் குறைந்திருந்தால் அது பெருக்கமில்லை, இடமாற்றம்தான். குட்டிகளைத் தனியாக எண்ணுங்கள். சீமைக்கருவேலம் மறுபடி துளிர்க்கும், அதனால் ஒரு வருஷக் கணக்கோடு நிறுத்தாதீர்கள்.