தேயிலைத் தொழிற்சாலைக்கு இயந்திரம் வாங்கும் முன்: நீலகிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கம் இலையை விலைக்கு வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகளில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் பலர் முதலில் விசாரிப்பது கலர் சார்ட்டரைத்தான். நல்ல இயந்திரம், குறை சொல்வதற்கில்லை. தேயிலைத் தூளில் கலந்திருக்கும் குச்சியையும் நாரையும் கேமரா கண்டுபிடிக்கும், காற்று ஊதித் தள்ளும். தூள் கருகருவென்று சுத்தமாகத் தெரியும். ஆனால் அது வேலை செய்வது கடைசிக் கட்டத்தில். முற்றிய இலை உள்ளே வந்தால் குச்சிதான் அதிகமாக வெளியே போகும். சாயமும் சுவையும் அதனால் கூடிவிடாது. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். குச்சியாக வெளியே போவதற்கும் சேர்த்துத்தான் இலைக்கு விலை கொடுத்திருக்கிறோம்.

அதனால் முதல் பணத்தை இலை வரும் வழியில் போடுவதே நல்லது. சாக்கில் அமுக்கி அமுக்கித் திணித்த இலை, லாரியில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்தாலே சூடேறிச் சிவக்க ஆரம்பிக்கும். இலையைக் காற்றில் வாட்டும் தொட்டிக்கு வருமுன்பே பாதி கெட்டுப்போன இலையை, அதை அரைக்கும் எந்த ரோலரும் சரி செய்யாது. காற்றோட்டமுள்ள வலைப்பைகள், மதியம் ஒரு நடை கூடுதல் வண்டி, இறக்கியதும் உதறிப் பரப்ப இரண்டு ஆட்கள்: இதற்கு ஆகும் செலவு இயந்திரத்தின் தவணையோடு ஒப்பிட்டால் சின்னது. கண்காட்சியில் இதையெல்லாம் யாரும் விற்பதில்லை, அதனால் கண்ணில் படுவதும் இல்லை.

அடுத்தது, பலர் யோசிக்காத ஒன்று: உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பொதுவாக விற்கும் மின் மோட்டார்களின் திறன் 1,000 மீட்டர் உயரம் வரைக்கும் கணக்கிடப்பட்டது. அதற்கு மேலே காற்று மெலிவதால் மோட்டார் சரியாகக் குளிராது. டீசல் ஜெனரேட்டரும் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் அளவு மின்சாரம் தராது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் என்றால் இன்னும் மோசம். கலர் சார்ட்டருக்குக் காற்று தரும் கம்ப்ரசருக்கும் இதே கதைதான். கோயம்புத்தூரில் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு அதே அளவில் ஆர்டர் போட்டால், மலைக்கு வந்ததும் மூச்சு வாங்கும். கொட்டேஷன் கேட்கும்போதே தொழிற்சாலையின் உயரத்தை எழுதி, அந்த உயரத்தில் எவ்வளவு தரும் என்று எழுத்தில் வாங்குங்கள். மழைக்கால ஈரத்தில் கம்ப்ரசர் காற்றோடு தண்ணீரும் வரும் என்பதால் காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரையும் அதே ஆர்டரில் சேர்த்துவிடுவது நல்லது.

கொள்ளளவு விஷயத்தில் ஏப்ரல், மே மாதத்து இலையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. கோடை மழைக்குப் பிறகு இலை கொட்டும், முற்றத்தில் இடம் இருக்காது. ஜனவரியில் உறைபனி விழுந்தால் அதே முற்றம் காலியாகக் கிடக்கும். உச்ச மாதத்தில் நாளுக்கு 20,000 கிலோ, பனிக்காலத்தில் 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20,000-க்கு ஏற்ற, தூளைக் காய வைக்கும் டிரையரை வாங்கினால், அந்த 6,000 கிலோவுக்குத் தேவைக்கு மேல் விறகை எரிக்க வேண்டும். வங்கித் தவணையும் பனிக்காலத்துக்கென்று குறையாது. ஒரே பெரிய இயந்திரத்துக்குப் பதில் இரண்டு நடுத்தர இயந்திரங்கள் வாங்கினால், இலை குறையும்போது ஒன்றை நிறுத்திவிடலாம். வாட்டும் தொட்டி விசிறிகளுக்கு வேகத்தைக் குறைத்துக் கூட்டும் டிரைவ் போடுவது இரவெல்லாம் ஓடும் கரண்டுக்கு நல்ல மிச்சம்.

இலை எடை போடும் ஆப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மஞ்சூர், கீழ்க்கோத்தகிரி பக்கத்து வளைவுகளில் சிக்னல் வரும், போகும். நெட் இல்லாமலும் எடையைப் பதிந்து வைத்து, பிறகு தானாக அனுப்பும் மென்பொருள்தான் இங்கே உதவும். விவசாயி கையில் அப்போதே சீட்டும் போக வேண்டும். ஈர இலைக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்பது அந்தச் சீட்டில் தனியாகத் தெரியட்டும். நீலகிரியில் இலைக் கணக்குச் சண்டை பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. கணக்குப் பிடிக்காத விவசாயி அடுத்த வாரம் வேறு ஏஜென்டுக்கு இலை போடுவார். இன்னொன்று: நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் பழைய கணக்கை எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு வையுங்கள்.

உதிரி பாகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. ரோலர் ஒரு செட் தீட்டப் போனால் இன்னொரு செட் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மழுங்கிய ரோலரோடு ஓட்டினால் இலை நறுங்காமல் சூடேறும், தூளின் கிரேடும் இறங்கும்.

விறகும் சாலையும் ஒரே கணக்கில் வர வேண்டியவை. இங்கே மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். நினைத்தவுடன் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிக்கொள்ள முடியாது. மழை பிடித்த பிறகு வாங்கும் ஈர விறகு, தன் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பகுதியைச் செலவழிக்கும். கூரைக்குக் கீழே காய்ந்த விறகை செப்டம்பருக்குள் அடுக்கிவிட வேண்டும். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் விறகும் மேலே வராது, தூளும் கீழே இறங்காது. 2009 நவம்பரில் நீலகிரி அதைப் பெரிய அளவில் பார்த்தது. கோத்தகிரி வழி இருக்கிறதே என்பார்கள். மழை அந்தப் பக்கமும்தான் பெய்யும். மைசூர் பக்கம் அனுப்பும் சரக்குக்கு வேறு கணக்கு: பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். குன்னூர் தேயிலை ஏலத்துக்கும் ஒரு முறை விற்பனைச் சரக்குப் பட்டியல் மூடிவிட்டால் சரக்கு அடுத்த ஏலத்துக்குத்தான். மழை மாதங்களில் வாங்குகிறவரிடம் தேதி கொடுக்கும்போது இரண்டு நாள் தள்ளியே கொடுங்கள்.