ஓ எல் (சாதாரண தரப் பரீட்சை) ஆங்கிலம்: ரியூஷன் இல்லாமலும் படிக்கலாம்

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்து படிக்கிற தம்பி தங்கச்சிகளே, டவுனுக்குப் போய் வர பஸ் இல்லையென்று ஆங்கிலத்தைக் கைவிட்டு விடாதீர்கள், பாஸ்பேப்பரும் (பழைய வினாத்தாள்) ஒரு கொப்பியும் இருந்தால் வீட்டிலேயே நிறையச் செய்யலாம்.

வாசிப்புப் பகுதிக்கு முதலில் கேள்விகளைப் படியுங்கள், பந்தியை அப்புறம். 'வென்' என்றால் காலம், 'வேர்' என்றால் இடம், 'வை' என்றால் காரணம். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொண்டு வாசித்தால் தெரியாத சொல் நாலைந்து வந்தாலும் பயப்படத் தேவையில்லை. பதிலுள்ள வரியில் பென்சிலால் கோடு போடுங்கள்.

நிறையப் பேர் புள்ளியை விடுவது பதில் எழுதும்போதுதான். இலங்கையில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரைப் பற்றி 'வென் டிட் ஜேம்ஸ் டெய்லர் பிளான்ட் டீ?' என்று கேட்டால் 'ஹி டிட் பிளான்டட்' என்று எழுதுகிறார்கள். கேள்வியில் 'டிட்' இருப்பதால் வினைச்சொல் 'பிளான்ட்' என்று நிற்கிறது. பதிலில் 'டிட்' போய்விடும், 'ஹி பிளான்டட் டீ இன் 1867' என்று வரும்.

சரி, இலக்கணம். விதியை மனப்பாடம் செய்வதைவிட இதே வரியைப் புரட்டிப் போட்டு எழுதிப் பாருங்கள்: 'டீ வாஸ் பிளான்டட் பை ஜேம்ஸ் டெய்லர்'. செயப்பாட்டு வினை இவ்வளவுதான். அதையே 'நொட்' சேர்த்து ஒருமுறை, கேள்வியாக ஒருமுறை எழுதுங்கள், ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் போதும்.

பிழைவிட்ட வாக்கியங்களைத் தனிக் கொப்பியில் திருத்தி எழுதி வையுங்கள், சோதனைக்கு முதல்நாள் அதை மட்டும் பாருங்கள்.